சோபாவுக்கு முன்னால் ஒரு நரி

யோகலிங்கம் சண்முகராசாவுக்கு ஏழாயிரம் பவுண் கடன்பட்டிருந்தார். டென்மார்க்கை விட்டு லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் வீடு வாங்கியபோது முற்பணத்துக்குக் காணாமல் வாங்கிய காசு அது. வட்டி இல்லை, எழுத்து இல்லை. சகலன் சகலனுக்குக் கொடுத்தது. அக்காவைக் கட்டியவர் சண்முகராசா, தங்கையைக் கட்டியவர் யோகலிங்கம். நான்கு வருடத்தில் முழுதையும் கட்டி முடித்துவிட்டு, முடித்த அன்றைக்கு ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு வந்தார் யோகலிங்கம். சண்முகராசாவுக்கு அந்தக் கேக் இனிக்கவில்லை.

கடன் இருந்த காலத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. சண்முகராசா வாசலில் காலெடுத்து வைத்தால் யோகலிங்கம் எழும்புவார். நல்ல கதிரை இவருக்கு. கோழிக்கறியில் கால்துண்டு இவருக்கு. கடன் போன பிறகும் யோகலிங்கம் எழும்பத்தான் செய்தார். ஆனால் அது வயதுக்கு எழும்புவது. கடனுக்கு எழும்புவது வேறு மாதிரி இருக்கும். காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் பிடிபடும்.

சண்முகராசா யாரென்று ஃபாரஸ்ட் கேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். எண்பத்தாறில் லண்டனில் வந்து இறங்கியபோது சட்டைப்பையில் ஒரு விலாசமும் ஒரு சீப்பும்தான் இருந்தன. ஒரு சோபாத் தொழிற்சாலையில் தும்பும் தூசியும் கூட்டுகிற வேலை கிடைத்தது. கூட்டிக்கொண்டே கண்ணால் தொழிலைக் களவெடுத்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரன் சிற்றாணிகளை வாய்க்குள் கொட்டி வைத்திருந்து, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டியெடுத்து அடிப்பான். ஒரு வருடத்துக்குள் சண்முகராசா அவனை விட வேகமாக அடித்தார். பிறகு ரயில் பாலத்துக்குக் கீழே சொந்தப் பட்டறை, வேலையாட்கள், இரண்டு வான். “ஃபாரஸ்ட் கேட்டில அரைவாசிச் சனம் என்ர ஸ்பிரிங்குக்கு மேலதான் குந்தியிருக்குது” என்று அவர் சொல்வதில் பொய் கிடையாது. மனோர் பார்க் சனத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அடக்கத்தினால் விட்டுவிடுவார்.

யோகலிங்கம் கைவேலையின் வாடையே படாத ஆள். ஊரில் வங்கி, டென்மார்க்கில் கந்தோர், லண்டனில் கவுன்சில். எல்லா இடத்திலும் கணக்குத்தான். சுவரில் ஒரு படம் மாட்டுவதென்றாலும் ஆணியடிக்கச் சண்முகராசாவைத்தான் கூப்பிடுவார். சண்முகராசாவும் சுத்தியலோடு போய், நாலு பேர் முன்னால் அடித்துவிட்டு, “உமக்கு மூளை, எனக்குக் கை. கடவுள் பங்கு பிரிச்சுத்தான் தந்திருக்கிறார்” என்று சிரிப்பார். உலகம் அப்படிப் பங்கு பிரிந்து கிடந்தவரைக்கும் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அந்தப் பங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பியது.

சேர்ச் வீதி முருகன் கோயிலில் பூசை முடிந்து, எல்லாரும் யோகலிங்கம் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். முன்னறையில் காலடியில் ஒரு விரிப்பு. சண்முகராசா கதிரையில் இருக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். விரிப்பில் மழையில் நனைந்த ஒரு வரிசை வீடு. முன்னால் குப்பைத் தொட்டிகள். ஒரு தொட்டியின் மூடி மேல் நரியொன்று ஏறி நின்று, வீட்டுக்காரன் பார்க்கிற மாதிரித் திரும்பிப் பார்க்கிறது. எல்லாம் கம்பளித் துண்டுகளால், சின்னச் சின்ன வளையங்களாக எழும்பி நின்றது.

“எங்க வாங்கினீர், யோகம்?”

“வாங்கேல்லை அண்ணை. நான் செய்தது.”

“நீரோ?”

குசினிக்குள் இருந்து யோகலிங்கத்தின் மனைவி கனகாம்பிகை குரல் கொடுத்தாள். “ஓம் அத்தான், அவர்தான்! போன மாரியில துவங்கினவர். வீடு முழுக்கக் கம்பளி மயிர். சோத்துக்குள்ளயும் வந்து விழுந்தது.”

யோகலிங்கம் வெட்கப்பட்டுக்கொண்டு விளக்கினார். ஓய்வு எடுத்த பிறகு பொழுது போகவில்லை. பக்கத்து மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் ஏஞ்சலா என்றொரு மனிசி இதைப் பழக்குகிறாள். நியூகாசில் பக்கத்தில் பிறந்தவள். அங்கே சுரங்கக்காரர் வீடுகளில் பழைய கோட்டு, பழைய கால்சட்டை எல்லாவற்றையும் கீலம் கீலமாக வெட்டி இப்படித்தான் விரிப்புச் செய்வார்களாம். சாக்குத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டவேண்டும். கீலத்தைக் கீழே இடது கையில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொளுக்கியைக் குத்தி, சாக்கின் கண்ணுக்குள்ளால் வளையமாக இழுத்தெடுக்கவேண்டும். முடிச்சும் இல்லை, பசையும் இல்லை. “உந்த நரியின்ர நிறம் வெங்காயத் தோலில அவிச்சு எடுத்தது, அண்ணை.”

சண்முகராசா குனிந்து பிழை தேடினார். ஒரு மூலையாவது சரிந்திருக்கவேண்டும், ஒரு வளையமாவது தூக்கி நிற்கவேண்டும். தலைகீழாகப் பார்த்தும் அகப்படவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். அவருடைய மனைவி ஜெயகௌரி செய்த வேலைதான் அவரைச் சுட்டது. முழங்கால் நோகுது என்று கோயிலில் கதிரை கேட்டு வாங்கி இருந்த மனிசி, அந்த விரிப்பில் இரண்டு முழங்காலையும் ஊன்றி இருந்து, நரியின் முதுகைத் தடவினாள். பிள்ளையைத் தடவுகிற மாதிரித் தடவினாள். தங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிற சோபாவைச் சண்முகராசா அவளுக்கென்றே தன் கையால் செய்தவர். குதிரை மயிர் அடைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கையால் கட்டிய சாமான். அதை அவள் தூசி தட்டுவாள், நல்லநாள் பெருநாளுக்கு உறை மாற்றுவாள். ஒருநாளாவது இப்படித் தடவியது கிடையாது.

“தம்பி, எங்கட சோபாவுக்கு முன்னால வெறும் பலகையாய்க் கிடக்குது. கார்த்திகையில எங்களுக்கு நாற்பதாவது கலியாண நாள் வருது. அதுக்கு இப்பிடி ஒண்டு செய்து தாங்கோவன்” என்றாள்.

“ஏன், நான் செத்தே போனன்?” என்றார் சண்முகராசா.

“உங்களுக்கு இது தெரியாதெல்லே.”

“எனக்கோ? சாக்கிலயே சீவியம் நடத்தின எனக்கோ? உவர் சாக்கைத் தொட்டது போன மாரியில!”

“அதுக்கென்ன அண்ணை, வியாழக்கிழமை நீங்களும் வாங்கோ. ஏஞ்சலாட்டைச் சொல்லி விடுறன்” என்றார் யோகலிங்கம், உண்மையான அன்போடு.

“வகுப்போ? எட்டாம் வகுப்போட வகுப்பெல்லாம் முடிச்சவன் நான்.”

எல்லாரும் சிரித்தார்கள். சண்முகராசாவின் மகள் தாரகா மட்டும் தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். ஜெயகௌரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். “சரி, ரெண்டு பேரும் செய்யுங்கோ. எது வடிவோ அது சோபாவுக்கு முன்னால.”

சொன்னவளுக்கு அது பகிடி. சண்முகராசாவுக்குப் பகிடி இல்லை. அன்றைக்கு அவர் கோழிக்கால் சாப்பிடவில்லை.

பட்டறையை விற்றபோது விற்காமல் வைத்திருந்த சாமான்கள் எல்லாம் பின்வளவுக் கொட்டிலில் கிடந்தன. தேக்கில் ஒரு சட்டம் அடித்தார். நல்ல கனத்த சாக்குத்துணியைத் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும்படி இழுத்துக் கட்டினார். கொளுக்கியைக் கடையில் வாங்குவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஆறு அங்குல ஆணியொன்றைக் காய்ச்சி, நுனியை வளைத்து, அராவி, உடைந்த உளியின் பிடியைப் போட்டார். அதைக் கையில் பிடித்துப் பார்த்தபோது ஏஞ்சலாவின் வகுப்பில் ஒருவரிடமும் இப்படிச் சாமான் இராது என்று அவருக்கு நெஞ்சு விரிந்தது.

கம்பளி வேண்டும். ஃபாரஸ்ட் கேட்டில் பழைய உடுப்புக் கடைக்குப் போனால், அங்கே யோகலிங்கம் ஒரு பச்சைக் கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு மனிசி. அவள்தான் ஏஞ்சலா.

“இவர்தான் என்ர அண்ணை. சோபா வேலையில லண்டனிலயே இவரை அடிக்க ஆளில்லை” என்று யோகலிங்கம் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார். சொன்னது உண்மைதான். ஆனாலும் யோகலிங்கத்தின் வாயிலிருந்து வந்தபோது தருமம் போட்ட மாதிரி இருந்தது.

ஏஞ்சலா கை கொடுத்தாள். “உங்கள் தம்பிக்கு நல்ல கை. இத்தனை வருடத்தில் நான் பழக்கியவர்களில் இவர் மாதிரி ஒருவரும் இல்லை” என்றாள். பிறகு, நீங்களும் தொடங்கியிருக்கிறீர்களாமே என்று கேட்டுவிட்டு ஒரு புத்தியும் சொன்னாள். “எல்லாக் கண்ணையும் நிரப்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று வளையத்துக்கு ஒரு கண்ணைச் சும்மா விடுங்கள். கம்பளிக்கு மூச்சு விட இடம் வேண்டும்.”

சண்முகராசா தலையாட்டினார். மனதுக்குள், சோம்பேறிகளின் சாட்டு என்று சொல்லிக்கொண்டார். கண்ணை விட்டால் துணி மிச்சம், வேலை மிச்சம். ஆயுள் முழுக்க அவர் செய்தது இழுத்துப் பிடிப்பதும் நெருக்கி அடிப்பதும்தான். தளர விட்ட சோபாவை எவன் வாங்குவான்? அவர்கள் போகும்வரை காத்திருந்து, கடையில் கிடந்த கம்பளிக் கோட்டுகள் அத்தனையையும் வாங்கி இரண்டு தரமாகக் காரில் ஏற்றினார். பாதி அவருக்குத் தேவையே இல்லை. யோகலிங்கத்துக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

என்ன படம் போடுவது என்று யோசிக்க அவருக்கு நேரம் செல்லவில்லை. நடுவில் ஒரு சிவப்புச் சாய்கதிரை. இரண்டு பக்கமும் சிறகு வைத்தது, பித்தளைக் குமிழ் ஆணி வரிசை வைத்தது. அவருடைய பட்டறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கதிரை. நரி குப்பையில் ஏறுகிற பிராணி. கதிரையில் மனிதன் ஏறுவான்.

காலையில் தேத்தண்ணியோடு கொட்டிலுக்குள் போனால் இருட்டும்போதுதான் வெளியே வருவார். சாக்கில் ஒரு கண்ணைக்கூடச் சும்மா விடவில்லை. கொளுக்கி போகமாட்டேன் என்று அடம்பிடித்த கண்ணுக்குள்ளும் குத்தி இழுத்தார். விரலில் தோல் உரிந்தது. சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கதிரை செதுக்கி வைத்த மாதிரி இருந்தது. விரல் நகம் உள்ளே போகாது. இடையில் ஜெயகௌரி எட்டிப் பார்த்தாள்.

“வடிவாயிருக்கு. ஆனால் ஏன் இவ்வளவு இறுக்கம்?”

“இறுக்கம்தானடி வேலை” என்றார். பிறகு கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். “அவன்ர விரிப்பு எந்த மட்டில நிக்குதாம்?”

“கனகம் சொன்னவள், முடியப்போகுதாம். உங்கட சோபாவின்ர நிறம் என்னெண்டு அவர் வந்து பாத்துக்கொண்டு போனவர், நீங்கள் கொட்டிலுக்குள்ள இருக்கேக்க.”

தன் சோபாவைத் தனக்குத் தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்! சண்முகராசா அன்றைக்கு இழுத்த வளையங்கள் இன்னும் இறுகின.

கலியாண நாளுக்கு முதல்நாள் காலை விரிப்பைச் சட்டத்திலிருந்து வெட்டி இறக்கினார். இறக்கித் தரையில் வைத்ததும், அது மெல்ல நடுவில் எழும்பியது. ஆமை மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு மூலையை மிதித்தால் எதிர் மூலை கிளம்பியது. நனைத்த துணி போட்டு இஸ்திரி போட்டார். அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். தானே மேலே ஏறி நின்று பார்த்தார், இறங்கினால் பழையபடி. சிவப்புக் கதிரை வயிறு வீங்கிப்போய் அவரைப் பார்த்தது.

ஏஞ்சலா சொன்னது அப்போது ஞாபகம் வராமல் இல்லை. வந்ததைப் பிடித்துத் தள்ளினார். வளையங்களை இழுத்துக் கழற்ற இனி நேரமும் இல்லை, மனமும் இல்லை. ஆனால் சிற்றாணி இருந்தது. வாயில் ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டு, சோபாவுக்கு முன்னால் விரிப்பை வைத்து, நாலு பக்கமும் நெருக்கி நெருக்கிப் பலகையோடு அடித்து இறக்கினார். முடித்து நிமிர்ந்தபோது விரிப்பு தட்டையாகக் கிடந்தது. கிட்டத்தட்ட.

அடுத்த நாள் மாலை வீடு நிறையச் சனம். வந்தவர்கள் எல்லாரும் கதிரை விரிப்பைப் பார்த்து, “அச்சொட்டாக் கதிரை மாதிரியே இருக்கு!” என்றார்கள். சண்முகராசா சோபாவில் நடுவில் இருந்தார். யோகலிங்கமும் கனகாம்பிகையும் கடைசியில்தான் வந்தார்கள். யோகலிங்கத்தின் தோளில் சுருட்டிய ஒரு பொதி. சுருண்டு கிடந்த அழகிலேயே சண்முகராசாவுக்குத் தெரிந்துவிட்டது. தன்னுடையது சுருளாது.

தாரகா தேத்தண்ணித் தட்டோடு வந்து விரிப்பின் நடுவில் கால் வைத்தாள். “டிக்” என்று ஒரு சத்தம். ஒரு சிற்றாணி கிளம்பி யன்னல் கண்ணாடியில் பட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு பக்கம் முழுக்க வரிசையாக. விரிப்பு முதுகைத் தூக்கியது, தாரகா சாய்ந்தாள், தேத்தண்ணி யோகலிங்கத்தின் வேட்டியில் கொட்டியது.

“அப்பா! நீங்க இதை ஃப்ளோரோட ஆணி அடிச்சனீங்களா?”

வீடே சிரித்தது. சண்முகராசாவைத் தவிரச் சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் நனைந்த வேட்டியோடு முழங்காலில் இருந்து, எழும்பி நின்ற விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“அண்ணை, வேலையில ஒரு பிழையும் இல்லை. எனக்கு உந்தச் சிறகு வளைவு வராது. நெருக்கம் மட்டும்தான் கூடிப்போச்சு. அங்கங்க கொஞ்சம் உருவி விட்டால் படுத்திடும். நான் உருவித் தாறன்.”

சிரித்தவர்களைச் சண்முகராசா மன்னித்திருப்பார். இதை மன்னிக்க முடியவில்லை.

“என்ர சாமானில ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்.”

மிச்ச ஆணிகளைத் தானே பிடுங்கினார். விரிப்பைத் தூக்கிச் சோபாவுக்குப் பின்னால் சுவரோடு நிறுத்தினார். அது வளைந்துகொண்டு தானாகவே நின்றது. ஜெயகௌரி தங்கையைப் பார்த்துத் தலையசைத்தாள். யோகலிங்கம் பொதியை அவிழ்த்தார்.

நரிதான். ஆனால் இந்த நரி தொட்டியில் இல்லை. ஃபாரஸ்ட் கேட்டின் வீடொன்றில், ஒரு சோபாவில் சுருண்டு படுத்து நித்திரை கொள்கிறது. சோபா சண்முகராசாவின் சோபா. கையின் வளைவும் காலின் கடைசலும் அப்படியே. விரிப்பு தரையில் விழுந்த கையோடு தண்ணீர் மாதிரிப் படிந்தது. ஜெயகௌரி செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அதில் ஏறி நின்றாள். காலைத் தேய்த்துப் பார்த்தாள்.

“என்ன விலை?” என்றார் சண்முகராசா.

“என்ன அண்ணை கதை இது? கலியாண நாள் பரிசு.”

“பரிசு நான் கேக்கேல்லை. இது என்ர வீடு. இஞ்ச கிடக்கிறது காசு குடுத்து வாங்கினதாய்த்தான் கிடக்கும். விலையைச் சொல்லும்.”

யோகலிங்கம் கனகாம்பிகையைப் பார்த்தார். அவள் கண்ணால் ‘சொல்லித் துலையுங்கோ’ என்றாள்.

“சரி. அம்பது பவுண் தாங்கோ.”

“அம்பதோ?” சண்முகராசாவுக்கு ஆயுளில் வராத கோபம் வந்தது. “உது சாக்கு விலைக்குக் காணுமே? தொழில் தெரியாதவன் விலை சொன்னால் சந்தையே நாறிப்போகும்.”

“அப்ப நூறு.”

“நூறுக்கு இந்த மூக்கு வருமே? பாரும்!” சண்முகராசா முழங்காலில் விழுந்து நரியின் முகத்தைக் காட்டினார். “மூக்கில வளையத்தைப் பணிச்சு எடுத்திருக்கிறீர், கன்னத்தில உயர்த்தியிருக்கிறீர். இந்த வாலில மட்டும் நாலு நிறம். நாலு தரம் அவிச்சிருக்கவேணும். நான் ஒரு குஷன் செய்தாலே நூறு வாங்குவன்!”

“அப்பா, நீங்க வாங்கிற ஆள். விலையைக் குறைக்கவேணும்” என்றாள் தாரகா.

“நீ சும்மா இரு! இருநூறுக்கு ஏலாது. முந்நூறுக்கும் ஏலாது. கீலம் வெட்டினதுக்குக் கூலி எங்க? சோபாக் காலில நிழல் விழுத்தினதுக்கு எங்க?”

தன் வாயே தன் சகலனைப் புகழ்ந்துகொண்டு போவது அவருக்குக் கேட்டது. சிற்றாணியை விழுங்கின மாதிரி இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. வேலைக்கு விலை குறைத்துச் சொல்ல அந்த வாய் பழகவில்லை.

“இவ்வளவு நல்லதோ, இஞ்சேருங்கோ?” என்று ஜெயகௌரி நரியின் மேல் நின்றபடி கேட்டாள்.

“நானூற்றைம்பது” என்றார் சண்முகராசா, அவளைப் பார்க்காமல். “ஒரு சதம் குறைய நான் தரமாட்டன்.”

மேலே போய், அலுமாரியில் இருந்த காசை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். யோகலிங்கம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“கையை நீட்டும்.”

“அண்ணை, சனத்துக்கு முன்னால வேண்டாம்.”

“சனத்துக்கு முன்னாலதான். நீட்டும்.”

யோகலிங்கம் வலது கையை முன்னுக்குக் கொண்டுவந்து விரித்தார். நடுவிரலின் அடியில், கொளுக்கிப் பிடி அழுத்துகிற இடத்தில், வட்டமாகக் காய்த்துப் போயிருந்தது. சண்முகராசாவின் கையிலும் அதே இடத்தில் ஒன்று இருந்தது, யோகலிங்கத்தினது பெரிது. அதை ஒருதரம் பார்த்துவிட்டு, அதன் மேலேயே முதல் இருபதை வைத்தார். இருபது, நாற்பது, அறுபது என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சத்தமாக எண்ணினார். நானூறு தாண்டியபோது குரல் கொஞ்சம் இறங்கியது. நானூற்றிருபது, நானூற்று நாற்பது. கடைசியாகப் பத்துப் பவுண் தாள் ஒன்றை நீவி, மடிப்பு எடுத்து, மற்றவற்றின் மேல் வைத்தார்.